வெள்ளி ஏன் கறுக்கிறது?

(மார்சிலிங் வட்டார மெய்யன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சிவபெருமானும் கண்ணபிரானும் ஒரே கூரையின்கீழ் அருள்பாலிக்கும் ஸ்ரீ சிவ கிருஷ்ண ஆலயத்தைத் தன்னகத்தே கொண்ட ஊர் நம் மார்சிலிங். இந்த வட்டாரத்து அன்பர்கள் முன்னிலையில் பேசக் கிடைத்ததை என் பாக்கியமாகக் கருதுகிறேன். என்னை அழைத்தவர்கள் 'ஆன்மிகமும் அறிவியலும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய சுமையைத் தூக்கும் வலு என் தோளுக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே எனக்குக் கொஞ்சம் தெரிந்த ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறேன். அந்தப் பொருள் வெள்ளி.

வெள்ளிக்கும் நம் வழிபாட்டுக்கும் உள்ள உறவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கயிலாயத்தை வெள்ளிமலை என்கிறோம். மதுரையில் ஆடல்வல்லான் கால் மாறி ஆடிய இடம் வெள்ளியம்பலம். நம் சிங்கப்பூரிலே தைப்பூசத்துக்கு முதல் நாள், டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்திலிருந்து முருகப்பெருமான் வெள்ளி ரதத்தில் புறப்பட்டு, கியோங் சைக் சாலையில் இருக்கும் அண்ணன் விநாயகரின் ஆலயத்துக்கு எழுந்தருள்கிறார். மறுநாள் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து பால்குடங்களும் காவடிகளும் புறப்படுகின்றன. அந்தக் குடங்களில் எத்தனையோ வெள்ளிக்குடங்கள். விளக்கு, வேல், கவசம், பாதம், தொட்டில் என்று வேண்டுதலுக்கு ஏற்றபடி வெள்ளியாகவே கொண்டுவந்து கொடுக்கிறோம்.

இவ்வளவு உயர்வான இந்த உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு. அது கறுக்கும். அந்தக் கறுப்பு ஒரு குடும்பத்தை எப்படிக் கலங்க வைத்தது என்பதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்கு மாடி கீழே ஓர் அம்மையார் இருக்கிறார். எனக்குத் தங்கை முறை வைத்துப் பழகுபவர். அவருடைய கணவருக்கு இருதய அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அந்த அம்மையார், 'முருகா, நல்லபடியாக முடித்துக் கொடு' என்று வேண்டிக்கொண்டு, சேமிப்பிலிருந்து பணம் எடுத்து ஒரு சாண் உயரத்தில் வெள்ளி வேல் ஒன்று வாங்கினார். சிகிச்சை முடிந்ததும் காணிக்கை செலுத்துவதாக முடிவு. வேலை ஒரு துணியில் சுற்றி, துணி அவிழாமல் இருக்க ரப்பர் வளையங்களைப் போட்டு, சமையலறை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வேல் கறுத்திருந்தது. பார்த்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "வெள்ளியே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்றார் ஒருவர். "சாமி காணிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை, இது அபசகுனம்" என்றார் இன்னொருவர். இரண்டாவது பேச்சுதான் அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. கண்கள் கலங்க என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லலாம்னு இருக்கேன். பரிகாரம் பண்ணிட்டு அப்புறம் பார்த்துக்கலாமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "வேலைக் காட்டும்மா" என்றேன். வாங்கிப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. வேல் முழுவதும் மங்கலாகப் பழுப்பேறி இருந்தது. ஆனால் மூன்று இடங்களில் மட்டும், குறுக்கே கோடு போட்டாற்போல அட்டைக் கறுப்பு. ரப்பர் வளையங்கள் இருந்த அதே மூன்று இடங்கள்!

அபசகுனத்துக்கு ரப்பர் வளையத்தின் அளவு எப்படித் தெரியும்? இதைத்தான் அந்தத் தங்கையிடம் கேட்டேன். அதற்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

எந்தப் பொருளும் அணுக்களால் ஆனது. வெள்ளி அணு ஒன்றுக்குள் 47 எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றில் 46 உள்ளே அடுக்கடுக்காக அமைந்து அடங்கிக் கிடக்கின்றன. ஒன்று மட்டும் வெளித்திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒன்றை வெள்ளி யாருக்காவது கொடுத்துவிட்டால், மிச்சம் இருப்பது நேர்மின் ஏற்றம் கொண்ட வெள்ளி. அதற்கு வெள்ளி அயனி என்று பெயர். வெள்ளி வேறொரு தனிமத்தோடு சேருகிறது என்றால் பெரும்பாலும் இந்த ஓர் எலெக்ட்ரானைக் கொடுத்துத்தான் சேருகிறது.

உலோகங்களுக்குள் இந்தக் கொடைக்குணத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. இரும்பு கை நிறையக் கொடுக்கும். செம்பு அளந்து கொடுக்கும். வெள்ளி யோசித்துத்தான் கொடுக்கும். தங்கமோ சுத்தக் கருமி. ஆனால் உலோகங்களின் உலகத்தில் கொடுப்பவனுக்குத்தான் துரு பிடிக்கிறது. நன்கொடையாளர்கள் பயப்பட வேண்டாம், மனிதர்களின் உலகத்தில் கணக்கு வேறு!

பள்ளியில் நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் வெள்ளி நைட்ரேட் கிடைக்கும். அதன் கரைசல் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வெள்ளி அதில்தான் இருக்கிறது, அயனியாக, கண்ணுக்குத் தெரியாமல். அதில் ஒரு செம்புக் கம்பியைத் தொங்கவிட வேண்டும். சிறிது நேரத்தில் கம்பியைச் சுற்றிப் பளபளவென்று வெள்ளி இழைகள் செடிபோல முளைக்கும். தெளிந்திருந்த நீர் மெல்ல நீலமாகும். செம்பு தன் எலெக்ட்ரான்களை வெள்ளி அயனிகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைசலுக்குள் இறங்கிவிடுகிறது. இழந்ததைத் திரும்பப் பெற்ற வெள்ளி மறுபடியும் வெள்ளியாகிவிடுகிறது. இந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவேன்.

வெள்ளி சாதாரணக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு எளிதில் சேராது. ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி ஆற வைத்தாலும் வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். பழங்காலத்திலிருந்து ஈயத்தோடு சேர்த்துப் புடம் போட்டு வெள்ளியைப் பிரித்தெடுத்ததும் இந்தக் குணத்தை வைத்துத்தான். ஈயமும் மற்ற கலப்புகளும் ஆக்சிஜனோடு சேர்ந்து விலகிப் போகும். வெள்ளி மட்டும் தனியாக நிற்கும்.

நெருப்புக்கும் அசையாத வெள்ளி ஒன்றுக்கு மட்டும் இளகிவிடும். அதுதான் கந்தகம். காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கந்தக வாயு மிகச் சிறிதளவு கலந்திருக்கிறது. அழுகிய முட்டையின் வாடை இதனுடையதுதான். ஈரமும் ஆக்சிஜனும் துணைக்கு வர, இந்த வாயுவிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற கரும்பொருளாகிறது. நாம் பார்க்கும் கறுப்பு அதுதான். முதலில் பொன் மஞ்சளாகத் தெரியும். பிறகு பழுப்பு, கருநீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சளாகத் தெரியத் தொடங்கும் நிலையில் அந்தப் படலத்தின் கனம், தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அத்தனை மெல்லிய போர்வை!

இந்தக் கந்தகம் நம் வீட்டுக்கு எங்கிருந்து வருகிறது? முட்டை, வெங்காயம், பூண்டு, கம்பளித் துணி இவற்றிலெல்லாம் கந்தகம் உண்டு. முக்கியமாக ரப்பரில் உண்டு. ரப்பர் மரத்துப் பாலை அப்படியே காய வைத்தால் வெயிலில் இளகி ஒட்டும். அதனால் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்துகிறார்கள். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிமார் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். அந்த ரப்பரின் கந்தகம்தான் இந்தத் தங்கையின் வேலில் மூன்று கோடுகள் போட்டது!

மார்சிலிங்கிலிருந்து சற்று மேற்கே போனால் கிராஞ்சி, மண்டாய், சுங்கை பூலோ கடலோரங்களில் சதுப்புநிலக் காடுகள் இருக்கின்றன. வற்றத்தில் அங்கே போனால் சேற்றிலிருந்து ஒரு வாடை வரும். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுவதால் வரும் வாடை அது. இயற்கையில் இந்த வாயு உண்டாகும் வழிகளில் ஒன்றைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. போதாததற்கு நம் தீவின் காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். வெள்ளி கறுப்பதற்கு ஈரம் பெரிய துணை. ஆகவே சிங்கப்பூரில் வெள்ளி கறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

"அப்படியானால் கலப்படமா?" என்று அந்தத் தங்கை கேட்டார். கறுப்பை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தூய வெள்ளியும் கந்தகம் பட்டால் கறுக்கும். நகைகளிலும் பாத்திரங்களிலும் உறுதிக்காகச் செம்பு சேர்ப்பார்கள். 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று பொருள். அந்தச் செம்பும் கறுப்பைக் கூட்டும். புளிப்பு பட்டுக் காயாமல் கிடந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஜெர்மன் சில்வர் என்று சொல்லப்படும் உலோகத்திலோ செம்பு, நிக்கல், துத்தநாகம் உண்டு, வெள்ளி கிடையாது. ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல் முத்திரையையும் ரசீதையும் பார்த்து வாங்குங்கள்.

வெள்ளி சேரும் இன்னொரு தனிமம் குளோரின். வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டால் தயிர் திரிந்தாற்போல வெண்மையாக வெள்ளி குளோரைடு படியும். அதை வெளிச்சத்தில் வைத்தால் சாம்பல் நிறமாகிப் பிறகு கருமையாகும். ஒளி பட்டால், அயனியாக இருந்த வெள்ளி எலெக்ட்ரானைத் திரும்பப் பெற்று மிக நுண்ணிய துகளாக வெளிப்படுகிறது. புகைப்படக் கலை பிறந்தது இப்படித்தான். 1839ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு டாகேர், வெள்ளித் தகட்டில் அயோடினை ஏற்றி ஒளியைப் பிடித்துக் காட்டினார். பிறகு வந்த படச்சுருள்களில் வெள்ளி புரோமைடு இடம் பிடித்தது. உங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் வெள்ளித் துகள்! பாட்டியின் கூந்தலும் கண்மணியும் வெள்ளியாலேயே நிலைத்து நிற்கின்றன. கறுப்பு என்றாலே கெட்டது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா?

வெள்ளி அயனிக்கு நோய்க் கிருமிகளை ஒடுக்கும் ஆற்றலும் உண்டு. 1880களில் ஜெர்மனியில் கிரேடே என்ற மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்களில் மிகவும் நீர்த்த வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டாக விட்டு, பார்வையைப் பறிக்கும் தொற்றைத் தடுத்தார். மிகச் சிறிய அளவிலேயே வெள்ளி நுண்ணுயிர்களை ஒடுக்குவதை நேகெலி என்ற தாவரவியல் அறிஞர் ஆராய்ந்து எழுதியது 1893ஆம் ஆண்டில் வெளிவந்தது. தீப்புண்களுக்குப் பூசும் களிம்புகளிலும் சில குடிநீர் வடிகட்டிகளிலும் இன்றும் வெள்ளி பயன்படுகிறது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வெள்ளிச் செம்பில் தீர்த்தம் கொடுப்பது நம் மரபு. பக்தியோடு அருந்துங்கள். அதற்காக வெள்ளிச் சாற்றை மருந்தென்று சொல்லி விற்றால் வாங்கிக் குடிக்காதீர்கள். உடலில் வெள்ளி அளவுக்கு மீறிச் சேர்ந்தால் தோல் நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிறம் எளிதில் மாறாது. வெள்ளிப் பாத்திரம் தானே கிருமியைக் கொன்றுவிடும் என்று கழுவாமல் வைப்பதும் தவறு.

இனி, வெள்ளியைப் பராமரிப்பது பற்றி. இதைச் சொல்லுமுன் என் சொந்தத் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தாயார் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு எடுத்துச் சென்ற வெள்ளிப் பால்குடம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அவர் காலமான பிறகு வந்த முதல் தைப்பூசத்தில், அதைப் பளபளப்பாக்கி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடையில் விற்கும் அமிலம் கலந்த திரவத்தில் முக்கினேன். சில விநாடிகளில் எடுக்க வேண்டும் என்று புட்டியிலேயே எழுதியிருந்தது. தொலைபேசி மணி அடித்தது. பேசப் போனவன் குடத்தை மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது குடம் வெளுத்திருந்தது. ஆனால் ஒளி இல்லை. மேற்பரப்பு அரித்துச் சொரசொரப்பாகிவிட்டது. கழுத்துப் பகுதியில் பொறித்திருந்த என் தாயாரின் பெயர் மங்கிப்போனது. வேதியியல் ஆசிரியர் வீட்டில் நடந்தது இது! கறுப்பு அந்தப் பெயரை எதுவும் செய்யவில்லை. என் அவசரம்தான் அழித்தது.

நம் வீடுகளில் வெள்ளியை விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். விபூதி மிக மெல்லிய தூள்தான். ஆனாலும் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. பல ஆண்டுகள் இப்படிச் செய்தால் கவசத்தில் சுவாமியின் மூக்கும் உதடும் மழுங்கிவிடும். வெள்ளி முலாம் பூசிய பொருளாக இருந்தால் அடியிலிருக்கும் செம்பு எட்டிப் பார்க்கும். தரை கழுவும் வெளுப்புத் திரவத்தை வெள்ளியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதிலுள்ள குளோரின் வெள்ளியைக் கெடுக்கும்.

அபிஷேகம் முடிந்தவுடன் பால், தயிர், பஞ்சாமிர்தம் எதுவும் காய விடாமல் மென்மையான சோப்புநீரில் கழுவி, பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காற்றுப் புகாத பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் வேண்டவே வேண்டாம்.

கறுத்துவிட்டால் என்ன செய்வது? அன்று அந்தத் தங்கையின் கண்முன்னே நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய கண்ணாடித் தட்டில் சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாளை விரித்தேன். அதன்மேல் வேல் நன்றாகப் படும்படி கிடத்தினேன். ஆப்பசோடாவைத் தூவிக் கொதிநீரை ஊற்றினேன். அழுகிய முட்டை வாடை லேசாக எழுந்தது. "அண்ணே, இதென்ன நாற்றம்?" என்றார். "உன் ரப்பர் வளையம் போட்ட கந்தகம் வெளியே போகிறதம்மா" என்றேன். பழுப்பு சீக்கிரமே விலகியது. அந்த மூன்று கோடுகளுக்கு மட்டும் தாளை மாற்றி இரண்டாம் முறை செய்ய வேண்டியிருந்தது. வேலை எடுத்துக் கழுவித் துடைத்தபோது அது பழையபடி மின்னியது. தேய்க்கவே இல்லை.

செம்புக் கம்பி சோதனையை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? அதே காரியம்தான் இங்கேயும். அலுமினியம் தாராளமாக எலெக்ட்ரான் கொடுக்கும் உலோகம். கறுப்புப் படலத்துக்குள் அயனியாக இருந்த வெள்ளிக்கு அது இழந்த எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கிறது. கந்தகம் விலகுகிறது, வெள்ளி மறுபடி வெள்ளியாகி அந்த இடத்திலேயே தங்குகிறது. தேய்த்தால் போயிருக்கக்கூடிய வெள்ளி இந்த முறையில் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் கல் பதித்தவை, மரத்தின்மேல் அல்லது அரக்கின்மேல் தகடு போர்த்திய கவசங்கள் இவற்றை இப்படி நீரில் போடக்கூடாது. அவற்றை இந்த வேலை தெரிந்த ஆசாரியாரிடமே கொடுக்க வேண்டும். வீட்டில் செய்யும்போது சன்னலைத் திறந்து வையுங்கள்.

மின்னிய வேலைக் கையில் வாங்கிய அந்தத் தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ தேதியை மாத்த வேண்டாம்தானே அண்ணே?" என்று கேட்டார். "வேண்டாம்மா. மருத்துவர் சொன்ன நாளில் அழைத்துக்கொண்டு போ" என்றேன். குறித்த நாளிலேயே சிகிச்சை நடந்தது. வீட்டுக்காரர் நலமாகத் திரும்பினார். வேல் வெளுத்ததால் அவர் பிழைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் வேல் கறுத்ததால் ஆபத்து என்றவருக்கும் எனக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். மருத்துவர்களின் திறமையும் இறைவன் திருவருளும் அவரைக் காத்தன. கறுப்பைக் கண்டு பயந்து அந்த நாள் தவறிப் போகாமல் இருந்ததே, அதுவே நான் படித்த படிப்புக்குக் கிடைத்த பலன் என்று எண்ணுகிறேன்.

அடுத்த தைப்பூசத்தில் கணவனும் மனைவியுமாக வந்து அந்த வேலைக் காணிக்கையாகச் செலுத்தினார்கள். நானும் உடன் இருந்தேன். வெள்ளியைப்போல ஒளியைத் திருப்பித் தரும் உலோகம் வேறு இல்லை என்பது பள்ளிப் புத்தகத்தில் நான் பலமுறை சொன்ன பாடம். தீபாராதனையின்போது ஒரு சிறு கற்பூரச் சுடர் அந்த வேலில் பட்டு, எதிரே நின்ற அத்தனை பேர் முகத்திலும் தெரிந்தபோதுதான் அந்தப் பாடம் எனக்கே விளங்கியது.

அன்பர்களே, திருப்பணிக்கு வெள்ளி கொடுக்கும் கைகளை வணங்குகிறேன். கொடுத்ததைக் காப்பாற்றும் கைகளும் அதே அளவுக்கு நமக்கு வேண்டும். ஆலயங்களில் அபிஷேகம் முடிந்தபின் பாத்திரங்களைக் கழுவித் துடைத்து வைக்க மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் முன்வர வேண்டுகிறேன். காசு கொடுக்க இயலாதவர்களும் செய்யக்கூடிய கைங்கரியம் அது. உங்கள் காணிக்கை எப்போதாவது கறுத்துத் தெரிந்தால் மனம் தளராதீர்கள். மேலே படிந்திருப்பது மெல்லிய போர்வை. அடியில் நீங்கள் கொடுத்த வெள்ளி அப்படியே இருக்கிறது. கொடுத்த மனமும் இறைவனுக்குத் தெரிந்தபடியே இருக்கிறது.

 எல்லாம் வல்ல முருகப்பெருமான் உங்கள் இல்லந்தோறும் ஒளி ஏற்றுவானாக.